எல்லைக்கோடும் ஆடுகளக்கோடும்

(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



நாட்டைப் பிரிக்க ஒரு தாளும் ஒரு தூவலும் போதும். மக்களைப் பிரிக்க அவை போதா. அதற்குச் சாவடி வேண்டும்; முள்வேலி வேண்டும்; துப்பாக்கி ஏந்திய காவலன் வேண்டும்; அக்காவலனும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிற்றல் வேண்டும். அத்துணையும் நின்ற பின்னரும், ‘பிரிந்துவிட்டோம்’ என்று மக்கள் தம் நெஞ்சால் ஒப்பாவிடின் அப்பிரிவு நிறைவுறுவதில்லை. இவ்வுண்மையை உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டிய நாடு அயர்லாந்து. மெய்ப்பித்தவர்கள் படைத்தலைவர்களும் சொல்வல்ல அரசியலாளரும் மட்டுமல்லர். ஞாயிறுதோறும் தோளில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பந்தாடப் போன உழவரும் தொழிலாளரும் பள்ளி ஆசிரியரும் அவர்களுள் முன்னிற்பவர். அவர்தம் வரலாறே இன்றைய பொழிவின் பொருள்.

‘கெயில்’ என்பது அயர்லாந்து மக்களின் பழம்பெயர். அவர்தம் தாய்மொழி கெயிலியம். அவர்கள் ஆடும் காற்பந்தைக் கெயிலியக் காற்பந்து என்பர். உலகமெங்கும் ஆடப்படும் காற்பந்தினின்றும் அது வேறானது. பக்கத்திற்குப் பதினைவர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பற்றலாம். இரு கம்பங்களுக்கிடையே ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தின் கீழே பந்தைப் புகுத்தினால் அது இலக்கு. ஓர் இலக்கிற்கு மூன்று புள்ளி. சட்டத்தின் மேலே செலுத்தினால், வழிவழி வந்த எண்ணிக்கைப்படி ஒரு புள்ளி.

ஆட்டமுறையினும் அரியது ஒன்றுண்டு. அவ்வாட்டக்காரர் கூலிக்கு ஆடுவோர் அல்லர். எண்பதினாயிரவர் கூடிக் கண்டு ஆர்ப்பரிக்கும் பெருந்திடலில் ஞாயிறன்று ஆடியவர், திங்களன்று தம் தொழிலுக்குத் திரும்புவர். எவர் மிகுதியான பணம் தருகிறாரோ அவர் பக்கம் போய் ஆடும் வழக்கம் அங்கில்லை. பிறந்த ஊருக்கு, வளர்ந்த மாவட்டத்திற்கு ஆடுவதே அங்கு மரபு. மண்ணோடு பிணைந்த அவ்வாட்டத்தை, மண்ணைப் பிளந்த கோடு எவ்வாறு தாக்கியது என்பதையே காண வேண்டும்.

கெயிலிய விளையாட்டுக் கழகம் 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திப்பரேரி மாவட்டத்துத் தர்லசு நகரில் ஒரு விடுதியில் தோன்றியது. தோற்றுவித்தவருள் தலையாயவர் மைக்கேல் குசாக்கு. அவர் கிளேர் மாவட்டத்திற் பிறந்தவர், தொழிலால் ஆசிரியர். ஆங்கிலர் ஆட்சியில் ஆங்கிலர் மொழி புகுந்தது, உடை புகுந்தது, விளையாட்டும் புகுந்தது. தாய்மொழி தேயத்தேய, தம் முன்னோர் ஆடிய ஆட்டமும் உடன்தேய்வதைக் கண்டார் அவர். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள் என்பதை உணர்ந்தார். சிலரே கூடிய அக்கூட்டத்திற் பிறந்த கழகம், சில ஆண்டுகளிற் சிற்றூர்தோறும் கிளை விட்டது.

வேரூன்றிய மரத்தை வேற்றாட்சி விரும்புமா? 1918இல் இசைவுச்சீட்டின்றி மக்கள் எங்கும் கூடலாகாது என்று ஆங்கில ஆட்சி ஆணையிட்டது. சொந்த மண்ணிற் பந்தாடவும் அயலானிடம் சீட்டுக் கேட்பதா? கழகம் கேட்க மறுத்தது. அவ்வாண்டு ஆகத்து 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, நாடு முழுவதும் ஒரே வேளையில் ஊர்தோறும் ஆட்டம் தொடங்கியது. அன்று களமிறங்கியோர் ஐம்பதினாயிரவர்க்கு மேல் என்பர். அத்தனை பேரையும் அடைக்கச் சிறை ஏது? ஆணை செத்தது, ஆட்டம் வாழ்ந்தது.

இரண்டாண்டு கழிந்தது. 1920 நவம்பர் 21ஆம் நாள் காலையில், மைக்கேல் காலின்சின் மறைபடையினர் டப்ளின் நகரில் ஆங்கில ஒற்றர்களைச் சுட்டு வீழ்த்தினர். அன்று பிற்பகல் குரோக்குத் திடலில் டப்ளின் அணிக்கும் திப்பரேரி அணிக்கும் ஆட்டம். அரசப் படையினர் திடலுக்குட் புகுந்து சுட்டனர். பதினால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் ஆட்டக்காரர்; திப்பரேரி அணியின் மைக்கேல் ஓகன். அந்நாளைக் ‘குருதி ஞாயிறு’ என்று அந்நாட்டார் இன்றும் நினைக்கின்றனர். அத்திடலின் பெரும் பார்வையாளர் மாடம் ஒன்று இன்றும் ஓகன் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இதன் பின்னரே கோடு வந்தது. 1920இல் ஆங்கில நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1921 மே திங்களில் நடைமுறைக்கு வந்து அயர்லாந்தை இரண்டாக்கியது. 32 மாவட்டங்களுள் 26 தெற்கே, ஆறு வடக்கே. வடபால் அமைந்த அல்சுட்டர் என்னும் பழம்பகுதிக்கு மாவட்டங்கள் ஒன்பது. அந்திரிம், ஆர்மா, டெரி, டவுன், பெர்மானா, திரோன் ஆகிய ஆறும் ஆங்கிலர் பக்கம் நின்றன. கேவன், மொனகன், தொனிகால் ஆகிய மூன்றும் அறுந்து தெற்கே வீழ்ந்தன. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமான அக்கோடு வயலை அறுத்தது, தெருவை அறுத்தது, சில இடங்களில் ஒரே வீட்டாரின் நிலத்தையும் அறுத்தது.

அன்பர்களே, இங்கேதான் கருதத்தக்கது ஒன்றுண்டு. உலகக் காற்பந்தாட்டத்தை நடத்திய அயர்லாந்துக் கழகம் 1921இலேயே இரண்டாகப் பிளந்தது. இன்றும் அவ்வாட்டத்தில் அத்தீவிற்கு இரண்டு அணிகள். கெயிலிய விளையாட்டுக் கழகமோ பிளக்கவில்லை. அதன் ஏட்டில் 32 மாவட்டங்கள் 32ஆகவே இருந்தன. அல்சுட்டர் மன்றம் ஒன்பது மாவட்டங்களோடு அப்படியே நின்றது. கோட்டின் தெற்கேயுள்ள கேவனும் வடக்கேயுள்ள ஆர்மாவும் ஒரே கோப்பைக்குப் பொருதன. அரசின் நிலப்படம் ஒன்று. கழகத்தின் நிலப்படம் மற்றொன்று. அதனாலேயே கழகத்தார் எல்லையை அடிக்கடி கடக்க வேண்டியவராயினர். அதற்கு அவர்கள் இறுத்த விலை சிறிதன்று.

முதல் விலை 1922 சனவரித் திங்களிலேயே இறுக்கப்பட்டது. அல்சுட்டர் இறுதியாட்டம் ஆட மொனகன் அணியினர் டெரி நகர் நோக்கிச் சென்றனர். வழியில் திரோன் மாவட்டத்துத் துரோமோர் என்னும் ஊரில் சிறப்புக் காவற்படையினர் அவர்களை மறித்துச் சிறைப்பிடித்தனர். அவருள் ஒருவர் தான் ஓகன். குரோக்குத் திடலில் மாண்ட மைக்கேல் ஓகனின் உடன்பிறந்தார். குடியரசுப் படையின் தலைவருள் ஒருவர். உண்மையை மறைத்தல் தகாது. டெரிச் சிறையிற் சாவொறுப்பை எதிர்நோக்கியிருந்த மூவரை மீட்கும் நோக்கமும் அக்குழுவிற்கு இருந்தது. பந்தாட்டம் அதற்குப் போர்வையுமாயிற்று. ஆட்டக்காரர் யார், படையாள் யார் என்று பிரித்தறிய இயலாத காலம் அது.

அதன் விளைவும் கொடிது. பிப்ரவரித் தொடக்கத்தில் குடியரசுப் படையினர் எல்லை தாண்டிச் சென்று, ஆங்கிலச் சார்பினர் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்து வந்தனர். 11ஆம் நாள் குளோனிசுத் தொடர்வண்டி நிலையத்தில் நிகழ்ந்த மோதலில் காவற்படையினர் நால்வரும் குடியரசுப் படைத்தலைவர் ஒருவரும் மாண்டனர். ஆட்டக்காரர் பின்னர் விடுவிக்கப்பட்டனர். ஒரு பந்தாட்டச் செலவு, இரு நாடுகளையும் போரின் விளிம்பிற்குக் கொண்டு சென்றது.

1923 ஏப்பிரல் முதல் நாள் கோட்டின்மீது ஆயச்சாவடிகள் எழுந்தன. அன்றுமுதல் சாலைகள் இருவகையாயின: ஆட்சி ஒப்பிய சாலை, ஒப்பாத சாலை. சாவடியுள்ள ஒப்பிய சாலை வழியேதான் வண்டி செல்லலாம். மகிழுந்து வைத்திருந்தோர் பிணைப்பணம் கட்டிக் கடவுத்தாள் பெற்று, ஒவ்வொரு முறையும் முத்திரையிடுவித்துக் கொள்ளல் வேண்டும். இரவில் சாவடி அடைக்கப்படும். காலந்தாழ்ந்து வருவதாயின் முன்னரே சொல்லிக் கட்டணம் இறுத்தல் வேண்டும். மாலையில் ஆட்டம் முடிந்து, வென்ற களிப்பில் சிறிது நேரம் பாடிக்கொண்டு நின்ற அணி, சாவடி அடைபடுமுன் ஓட வேண்டியதாயிற்று.

குளோனிசு நகரின் நிலையைக் காண்க. அது மொனகன் மாவட்டத்தில், கோட்டின் ஓரத்தில் அமைந்தது. அங்கிருந்து கேவனுக்குச் செல்லும் சாலை, கோடு வளைந்து நெளிந்து செல்வதால், எல்லையை நான்கு முறை கடக்கின்றது! நாட்டை விட்டு வெளியேறி, மீண்டும் நுழைந்து, மறுபடி வெளியேறி, மறுபடி நுழைவதற்குள் ஊர் வந்துவிடும். தொடர்வண்டிப் பாதைகள் பல கூடிய சந்தியாக இருந்தது அந்நகர். வடபகுதி அரசு எல்லைப்புறப் பாதைகளை 1957இல் மூடியபின் அங்கு ஆட்டம் காண வண்டியேறி வந்த கூட்டத்திற்கு வண்டியே இல்லாமற் போயிற்று. ஆயினும் என்? 1944இல் அந்நகரிற் திறக்கப்பட்ட திடலே அல்சுட்டர் இறுதியாட்டத்தின் இல்லமாயிற்று. எந்தக் கோடு ஊரைச் சாகடிக்க வந்ததோ, அந்தக் கோட்டின் ஓரத்திலேயே, ஆண்டுதோறும் ஒன்பது மாவட்டத்தாரும் திரண்டனர்.

நாடு முழுமைக்குமான இறுதியாட்டத்திற் வெல்வோர்க்கு வழங்குவது சாம் மகுவயர் கோப்பை. பிரிவினைக்குப்பின் நெடுங்காலம் வடபகுதியின் ஆறு மாவட்டங்களுள் ஒன்றுகூட அதனை வெல்லவில்லை. 1960இல் டவுன் அணி களமிறங்கியது. எதிர்நின்றது வெற்றிக்குப் பெயர்போன கெரி அணி. டவுன் இரண்டு இலக்கும் பத்துப் புள்ளியும் எடுத்தது. கெரி இலக்கின்றி எட்டுப் புள்ளியில் நின்றது. அணித்தலைவர் கெவின் மசன் கையிற் கோப்பை ஏறியது. முதன்முறையாக அக்கோப்பை எல்லையைக் கடந்து வடக்கே சென்றது. மறுவாண்டும் டவுனே வென்றது; அவ்வாட்டத்தைக் காணக் குரோக்குத் திடலில் 90,556 பேர் கூடினர். அதனை விஞ்சிய கூட்டம் எந்த இறுதியாட்டத்திற்கும் பின்னர்க் கூடியதில்லை. நாற்பதாண்டாக ‘நீங்கள் வேறு நாடு’ என்று சொல்லப்பட்ட மக்களுக்கு, அக்கோப்பை ஒரு வெள்ளிக்கலம் மட்டும்தானா?

1969க்குப்பின் இருண்டகாலம் வந்தது. வடபகுதியில் குடியரசுப் படையும், ஆங்கிலச் சார்புப் படைக்குழுக்களும், ஆங்கில அரசின் படையும் மோதின. மூவாயிரத்து ஐந்நூற்றுவர் அளவில் மாண்டனர். எல்லைச் சாலைகளை ஆங்கிலப் படை வெடிவைத்துப் பிளந்தது, கற்பாறைகளால் அடைத்தது. பத்து நிமையத்திற் செல்லும் பயிற்சித் திடலுக்கு ஊரைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. தோளில் ஆட்டப்பையோடு செல்லும் இளைஞனைச் சாவடியில் நிறுத்துவர், பையைச் சாலையிற் கொட்டுவர், பெயர் கேட்பர், ஊர் கேட்பர். பெயரையும் பையையும் கொண்டே அவன் எந்த மக்களைச் சேர்ந்தவன் என்று அறிந்து கொள்வர். ஐயத்திற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பெல்பாசுட்டு நகரின் கேசுமென்ட்டுத் திடலை 1972இல் படையினர் கைப்பற்றித் தங்கினர். ஆர்மா மாவட்டத்துக் குராசுமகிலென் ஊரில், ஆட்டத்திடலை ஒட்டியே படைப்பாசறை எழுந்தது. குடியரசுப் படையின் தாக்குதலில் அப்பகுதியிற் படையினர் பலர் மாண்டனர். அதனாற் சாலைவழி அஞ்சிய படை, வான்வழி வந்தது. திடலின் ஒரு பகுதி படையின் கைக்குப் போயிற்று. ஆட்டம் நடக்கும்போதே உலங்கூர்திகள் தலைக்குமேல் இரைந்து இறங்கின. ஆட்டம் நின்றது; ஊர்தி போனது; ஆட்டம் தொடர்ந்தது. முப்பதாண்டு இவ்வாறு ஆடிய அவ்வூர்க் கழகம், நாட்டின் ஊர்க்கழகக் கோப்பையை 1997, 1999, 2000, 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் ஆறுமுறை வென்றது. பாசறை 2007இல் அகற்றப்பட்டது. ஊர்தி இறங்கிய மண்ணில் இன்று ஓடுவோர் சிறுவர்.

உயிர்விலை கொடுத்தோரும் உளர். 1975 ஆகத்து 24ஆம் நாள் குரோக்குத் திடலில் டெரிக்கும் டப்ளினுக்கும் நடந்த அரையிறுதியாட்டத்தைக் கண்டு, இருவர் மகிழுந்தில் வடக்கே திரும்பினர். ஆர்மா மாவட்டத்தில், படையுடை அணிந்தோர் அமைத்த போலிச் சாவடியில் அவர்கள் நிறுத்தப்பட்டனர், சுட்டுக் கொல்லப்பட்டனர். மெய்ச்சாவடியையே நாள்தோறும் கண்டு பழகியவர்க்குப் போலிச்சாவடியை எவ்வாறு அறியமுடியும்?

1988 பிப்ரவரி 21ஆம் நாள் ஞாயிறு. திரோன் மாவட்டத்து ஆக்நாகுளோய் ஊரினர் எய்டன் மேக்கனசுபி, அகவை 23. எல்லை கடந்து சென்று வேலை பார்த்தவர். சாவடியிற் பன்முறை தொல்லையுற்றவர். அன்று ஆட்டத்திடலுக்கு நடந்து சென்றார். சாவடியைக் கடந்தார். பின்னாலிருந்து வந்த குண்டு அவர் உயிரைக் குடித்தது. கைந்நழுவிச் சுட்டுவிட்டதாகப் படைவீரன் சொன்னான். 34 ஆண்டு கழித்து, 2022இல், அது குற்றமே என்று வழக்குமன்றம் தீர்த்தது. 2023இல் விதித்த மூன்றாண்டுச் சிறையொறுப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 1997 மே 12ஆம் நாள் டெரி மாவட்டத்துப் பெலாகி ஊர்க் கழகத் தலைவர் சான் பிரௌன், இரவிற் கழகவாயிலைப் பூட்டும்போது கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பொது உசாவல் வேண்டி அவர் குடும்பத்தார் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போராடினர்.

இவ்வளவு துன்புற்ற கழகத்திற்கும் ஒரு கதவு அடைந்தே கிடந்தது. அதனையும் சொல்லாவிடின் இவ்வுரை ஒருபக்கக் கணக்காகிவிடும். அயல்விளையாட்டு ஆடுவோரும் காண்போரும் கழகத்தில் இருத்தலாகாது என்பது ஒரு விதி. அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவரும், கெயிலிய மொழி மீட்புக்குத் தம் வாழ்வைத் தந்தவருமான டக்ளசு ஐடு, உலகக் காற்பந்தாட்டம் ஒன்றைக் காணச் சென்றமைக்காக 1938இல் கழகப் புரவலர் நிலையினின்று நீக்கப்பட்டார்! நாட்டுத் தலைவர், எல்லா மக்களுக்கும் தலைவர். அவர் சென்றது கடமையால். அதனையும் விதி பொறுக்கவில்லை. காவலாக எழுப்பிய மதில், உள்ளிருப்போர்க்கே சிறையாயிற்று. அவ்விதி 1971இல் நீக்கப்பட்டது.

மற்றொரு விதி, ஆங்கிலப் படையினரும் வடபகுதிக் காவலரும் உறுப்பினராகலாகாது என்பது. பை கொட்டப்பட்டவனுக்கும் திடல் பறிக்கப்பட்டவனுக்கும் அவ்விதி முறையானதாகவே தோன்றியது. 1998 உடன்படிக்கைக்குப்பின் காவல்துறை சீரமைக்கப்பட்டது. 2001 நவம்பரிற் கூடிய மாநாடு அவ்விதியை நீக்கியது. வடக்கின் ஆறு மாவட்டங்களுள் டவுன் ஒன்றே நீக்கத்திற்கு இசைந்தது. ஏனைய ஐந்தும் எதிர்த்தன. புண்பட்டவர் தயங்கினர்; அத்தயக்கத்தை இகழ்தல் அறமன்று. ஆயினும் கதவு திறந்தமையே கழகத்திற்கு வலிமையாயிற்று. அக்கழகத்தின் தலைக்கோப்பைக்குப் பெயர் தந்த சாம் மகுவயர் யார்? பெரும்பான்மைக் கத்தோலிக்கர் அல்லர், சீர்திருத்தச் சமயத்தவர். கெயிலியம் என்பது குருதியன்று, சமயமன்று. ஏற்றுக்கொண்ட பற்று என்பதற்கு அக்கோப்பையே சான்று.

1993இல் ஐரோப்பிய ஒரே சந்தை வந்து ஆயச்சாவடிகள் நீங்கின. 1998 உடன்படிக்கைக்குப்பின் படைச்சாவடிகளும் நீங்கின. 2002இல் ஆர்மா முதன்முறையாகக் கோப்பை வென்றது. அவ்வணியின் பயிற்றுநர் சோ கெர்னன், அதே குராசுமகிலென் ஊரினர். 2003 இறுதியாட்டத்தில் எதிரெதிர் நின்ற திரோனும் ஆர்மாவும் கோட்டின் வடபால் மாவட்டங்களே. 2024இலும் ஆர்மா வென்றது. 2020இல் பிரித்தானியம் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகியபோது, சாவடி மீண்டும் எழுமோ என்ற அச்சம் எல்லையூர்களைப் பற்றியது. நிலத்தெல்லையில் ஆய்வு வேண்டா என்னும் உடன்பாட்டால் அது எழவில்லை. இன்று அங்குச் செல்வோர்க்கு, சாலைப் பலகையிற் கிலோமீட்டர் மைலாக மாறுவதே எல்லை கடந்ததற்கு அடையாளம்.

தமிழன்பர்களே! இரு கோடுகளைக் கண்டோம். ஒன்று ஆட்சி கிழித்த எல்லைக்கோடு. அதனைக் காக்கப் படை வேண்டியிருந்தது. மற்றொன்று ஊரார் சுண்ணத்தால் இட்ட ஆடுகளக்கோடு. மழை அதனை அழிக்கும். அடுத்த ஞாயிறு ஊரார் மீண்டும் இடுவர். நூறாண்டில் எது நிலைத்தது? எல்லைக்கோடு இன்றும் சட்டத்தில் உள்ளது. அதனை மறுக்க முடியாது. ஆனால் மக்கள் நெஞ்சில் அது ஒருநாளும் ஏறவில்லை. அதற்குக் கரணியம், ஒரு கழகம் தன் ஏட்டில் 32 என்ற எண்ணை 26 என்று திருத்த மறுத்தது, அவ்வளவே.

பிளவுபட்ட மண்ணிற் பிளவுபடாத ஏட்டை வைத்திருப்பது ஒரு தொண்டு. அவ்வேட்டில் புதுப்பெயர் எழுத இடம் வைத்திருப்பது அதனினும் பெருந்தொண்டு. மொழிக்கழகம் நடத்துவோரும் இவ்விரண்டையும் நெஞ்சிற் பதித்துக்கொள்க.

வாழ்க தாய்மொழிப் பற்று! வெல்க மக்கள் ஒற்றுமை!